அந்த மேட்டில் மூன்றாவது கியர்

தலையப் பாத்துக் குனிங்க தம்பி. அந்த ஆங்கிள் துருத்திக்கிட்டு இருக்கு, போன மாசம் எனக்கே நெத்தி கிழிஞ்சுது. டார்ச்ச இப்பிடிக் காட்டுங்க. தெரியுதுங்களா? சேசிஸ்ல நாலு ஓட்டை, பக்கத்துல வெல்டிங் வெச்ச தழும்பு. அதான் எடம். டர்போ அங்கதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப இல்ல. கழட்டிட்டேன்.

உங்களுக்கு ஏமாத்தமாத்தான் இருக்கும். அரூர்ல இருந்து வண்டியப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. அந்தப் படத்தப் புடிச்சுப் போன்ல போட்டது எவன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பழைய லாரி, சிமெண்டு லோடு, கொல்லிமலை ஏறுது பாருங்க, ஆளே பின்னால டர்போ செஞ்சு வெச்சிருக்காருன்னு போட்டுட்டான். அதப் பாத்துட்டு உங்களாட்ட ஏழெட்டுப் பேரு வந்தாங்க. எல்லாருக்கும் ஒரு டீய வாங்கிக் குடுத்து, கோளாறு ஆயிருச்சுங்க, கழட்டிப் போட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன். கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. கழட்டற அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

நீங்க வந்ததும் வராததுமா, வீட்ல எல்லாரும் சௌக்கியங்களான்னு கேட்டீங்க பாருங்க. மத்தவங்க யாரும் அதக் கேக்கல. வண்டியத்தான் கேட்டாங்க.

வாங்க, வெளிய உக்காந்துக்கலாம். இந்த டயர் மேல உக்காருங்க, கறை ஒட்டாது.

மொதல்ல வேலையச் சொல்லிர்றேன், அதுக்குத்தான வந்தீங்க. இது டர்போ இல்லாத காலத்து இஞ்சின். காத்தத் தானா இழுத்துக் குடிக்கறதோட சரி. டர்போன்னா என்ன, வீணாப் போற புகைய வெச்சு ஒரு சக்கரத்தச் சுத்த விட்டு, அந்தச் சுத்துல வெளிக்காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்றது. காத்து கூட, டீசல் நல்லா எரியும், இழுவை கூட. ஆனா இந்த மூஞ்சிக்குள்ள டர்போ வெக்க எடமில்ல. கைய விட்டா மணிக்கட்டு சிக்கும். சேந்தமங்கலத்துல சைலன்சர் வேலை செய்யறாரே ஜமால் பாய், அவருதான் சொன்னாரு. "வேலண்ணா, முன்னால எடமில்லன்னா பின்னால வை. சைலன்சரக் கழட்டிட்டு அந்த எடத்துல டர்போவத் தொங்க விடு. அங்கிருந்து குழாய் போட்டு காத்தத் திருப்பி இஞ்சினுக்குக் கொண்டா"ன்னாரு. நான் சிரிச்சேன். அப்பறம் ராத்திரி முழுக்கத் தூங்கல.

பதினோரு அடிக் குழாய் தம்பி. பெரிய வண்டி ஒண்ணு மோதி நொறுங்கிப் போயி காயலாங்கடையில கெடந்துச்சு, அதுல இருந்து டர்போ. டர்போவுக்கு எண்ணெய் போவணும், அது லேசு, இஞ்சினே தள்ளி விட்டுரும். போன எண்ணெய் திரும்பி வரணுமே, அங்கதான் எல்லாரும் மாட்டிக்குவாங்க. டர்போ தாழ்ந்து கெடக்குது, இஞ்சின் ஒசந்து நிக்குது. எண்ணெய் தானா மேல ஏறாது. அதுக்கு ஒரு சின்னப் பம்பு வெச்சு உறிஞ்சி எடுக்கணும். பம்புக்கு மட்டும் நாலு எடம் அலைஞ்சேன். நீங்க செய்யறதா இருந்தா பம்பத்தான் மொதல்ல பாக்கோணும். எழுதிக்கங்க வேணும்னா.

எதுக்கு இவ்ளோ பாடுன்னு கேக்கறீங்க. மேட்டுக்குத்தான்.

கொல்லிமலை போயிருக்கீங்களா? எழுபது வளைவு. வளைவக்கூட இந்த வண்டி சமாளிச்சுரும். எழுபதும் ஏறி முடிச்சு, அப்பாடான்னு மூச்சு விடற நேரத்துல, பலாக்கொம்பைன்னு ஒரு ஊரு, அதுக்கு முன்னாடி ஒரு மேடு. நேரா, நீளமா இருக்கும். இஞ்சின் ஏற்கெனவே சூடாயிருக்கும். அங்க வந்ததும் வண்டி செத்துப் போவும். மொதக் கியர்ல, கருப்புப் புகையக் கக்கிக்கிட்டு, ஆளு நடக்கற வேகத்துல போவும். அந்த மேட்ட ஏற முழுசா மூணு நிமிசம்.

அந்த மேட்டு ஓரத்துலதான் எம்மவ வீடு.

மோகனப்பிரியான்னு பேரு. மோகனான்னு கூப்புடுவோம். ஒரே பொண்ணு. ராசிபுரத்துக் காலேஜுல பிகாம் படிச்சுது. அறப்பளின்னு மலைக்காரப் பையன், மெளகு வாங்கி விக்கறவன், மூட்டையெல்லாம் என் வண்டியிலதான் கீழ வரும். நல்ல பையன்தான், வேலைக்காரன். நாந்தான் ஒருக்கா வீட்டுக்குக் கூட்டியாந்து காப்பி குடிக்க வெச்சேன். நானே கூட்டியாந்தேன், அதச் சொல்றேன். ரெண்டு வருசம் கழிச்சு ரெண்டு பேரும் மாலையோட வந்து வாசல்ல நின்னாங்க. அவங்க மலை மேல, நாங்க கீழ. நம்ம ஆளுக இல்ல. நான் அடிக்கல தம்பி, ஒரு வார்த்தை வையல. கதவச் சாத்துனேன், அவ்வளவுதான். கோவமெல்லாம் இல்லீங்க. கோவமிருந்தா கத்தியிருப்பேனே.

ஆனா லோடு நிக்குமா? வாரத்துல நாலு நாள் சிமெண்டு ஏத்திக்கிட்டு அந்த மேட்டு வழியாத்தான் போவணும். வேற வழி இல்ல.

மொதல்ல வாசப்படியில நின்னு பாக்கும். நான் ரோட்டப் பாத்துக்கிட்டுப் போயிருவேன். ஒரு மாசம் இப்பிடிப் போச்சு. அப்பறம் ஒரு நாள் ரோட்டுக்கு எறங்கி வந்து, கதவுப் பிடியில ஒரு கைய வெச்சுக்கிட்டு, வண்டியோட கூடவே நடக்க ஆரம்பிச்சுது. வண்டிதான் நடக்கற வேகத்துல போவுதே. "அப்பா, சாப்டீங்களா?"ன்னுச்சு. நான் பதில் சொல்லல. அதுபாட்டுக்குப் பேசிக்கிட்டே வரும். கோழி வாங்கி விட்டிருக்கேம்ப்பா, நாலு குஞ்சு பொரிச்சிருக்கு. அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா? இங்க கேவுரு அடை சுடக் கத்துக்கிட்டேம்ப்பா. நேத்து மழையில ஓடு ரெண்டு போயிருச்சு, மாமா மாத்திட்டாரு. மூணு நிமிசமும் பேசும். மேடு முடிஞ்சு வண்டி வேகம் எடுக்கறப்ப கைய எடுத்துரும். சில நாள் சன்னல் வழியா பக்கத்து சீட்டுல எதையாச்சும் வெச்சுரும். பலாச்சொளை, மலை வாழைப்பழம், ஒரு பொட்டலம் மெளகு.

நான் திரும்பிப் பாத்ததில்ல. ஒரு நாளும் பாத்ததில்ல. பச்சையில மஞ்சப் பூப் போட்ட ஒரு நைட்டி வெச்சிருந்துச்சு, அத வாரத்துல ரெண்டு நாள் போடும். மத்த நாள் காலேஜுக்குப் போட்ட அந்தப் பழைய சுடிதாரு. வலது காலு செருப்பு வாரு அறுந்து ஊக்கு குத்தியிருந்துச்சு.

பழத்தத் தூக்கி எறிய மனசு வராதுங்க, தின்ற பொருளு. வீட்டுக்குக் கொண்டாந்து பலகை மேல வெச்சுருவேன். எங்க வீட்டம்மா ராசாமணி எதும் கேக்க மாட்டா. நானே பொதுவாச் சொல்லுவேன். "மேல ஒரு பொண்ணு கோழி வளக்குதாம்"பேன். அவ அரிசி பொடைக்கறத நிறுத்திட்டு, "அப்பறம்?"பா. "நாலு குஞ்சு பொரிச்சிருக்காம்." "அப்பறம்?" "அப்பறம் என்ன அப்பறம், ரோட்டுல யாரோ பேசிக்கிட்டாங்க"ம்பேன். அவ அந்தப் பழத்த அன்னிக்கே திங்க மாட்டா. ரெண்டு நாள் வெச்சிருந்து, அழுவற மாதிரி ஆனப்பறம்தான் திம்பா. ஏன்னு தெரியல, அவளுக்குக் கனிஞ்ச பழம்தான் புடிக்கும்போல.

இப்பிடியே ஒரு எட்டு மாசம் போச்சு. நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு.

அப்பத்தான் டீக்கடையில அந்தப் பேச்சு வந்துச்சு. என் பங்காளி ஒருத்தன், சிதம்பரம்னு, நாலு பேரு இருக்கறப்பச் சொல்றான். "வேலு லாரி எழுபது வளைவையும் லேசா ஏறிருது, மவ வீட்டு மேட்டுல மட்டும் நொண்டுது பாத்தீங்களா? உள்ளுக்குள்ள ராசி ஆயிட்டாரு, வெளியத்தான் வேசம்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் டீய அப்பிடியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். பொய் தம்பி அது. வண்டில இழுவை இல்ல, நான் என்ன பண்றது? வேணும்னா மெதுவா ஓட்டுனேன்? மொதக் கியர்தான் அங்க கேக்கும். எந்த மெக்கானிக்கக் கேட்டாலும் சொல்லுவான்.

அன்னிக்குப் பொழுதோட ஜமால் பாய் கடைக்குப் போனேன்.

மூணு மாசம் வேலை. இந்தச் செட்டுலதான். தம்பி, நான் முப்பத்தஞ்சு வருசமா வண்டி ஓட்டறேன். அந்த மூணு மாசம் மாதிரி ஒரு வேலை செஞ்சதில்ல. குழாய வளைச்சுப் புடிக்கறது, ஒட்டறது, காத்துக் கசிவுக்குச் சோப்புத் தண்ணி ஊத்திப் பாக்கறது. பஞ்சர் கடையில காத்துப் பாக்கற மீட்டரு ஒண்ண வாங்கி ஸ்டீரிங் பக்கத்துல பதிச்சேன், அமுக்கம் எத்தனை பவுண்டு வருதுன்னு தெரியணும்ல. ராசாமணி டீயக் கொண்டாந்து வெச்சுட்டு அடியில குனிஞ்சு பாப்பா. "இத்தனையும் எதுக்குங்க?"ன்னு ஒருக்காக் கேட்டா. "மேடு ஏறறதுக்கு"ன்னேன். "அந்த மேட்டுல அப்பிடி என்னங்க அவசரம்?"னா. பொம்பளைங்களுக்கு வண்டி சமாச்சாரம் என்ன புரியும்.

வேலை முடியற நேரத்துல அந்தச் சின்னப் பம்பு காணாமப் போயிருச்சு. நாலு எடம் அலைஞ்சு கெடைச்ச பம்பு. ஒரு வாரம் தேடறேன். கடைசில அரிசி டின்னுக்குள்ள கெடக்குது, அடியில, துணியில சுத்தி. "எலி இழுத்துட்டுப் போயிருக்குமுங்க"ன்னா ராசாமணி. எலி துணி சுத்துமான்னு கேட்டேன். வயசாயிருச்சு பாருங்க, எதை எங்க வெக்கறோம்னு தெரியறதில்ல அவளுக்கு.

ஆவணி மாசம் ஒரு நல்ல நாள் பாத்து மொத லோடு ஏத்துனேன். என்னா சொல்றது போங்க. நாலாவது வளைவுலயே தெரிஞ்சு போச்சு. காலை அமுத்துனா ஒடனே வராது, காத்து அத்தனை அடிக் குழாய்ல ஓடியாரணும்ல, ரெண்டு மூச்சு விட்டுத்தான் புடிக்கும். புடிச்சுதுன்னா முதுகுல கைய வெச்சுத் தள்ற மாதிரி இருக்கும். விசில் சத்தம் மலை பூராக் கேக்குது. கீழ பத்து வளைவு தள்ளி வர்றப்பவே மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுரும், வேலு வண்டி வருதுன்னு. ஒண்ணே ஒண்ணு, கால எடுக்கக் கூடாது. எடுத்தா காத்து போயிரும், திருப்பி மொதல்ல இருந்து புடிக்கணும்.

பலாக்கொம்பை மேட்டுல மூணாவது கியர் தம்பி. மூணாவது கியர்! எட்டு பவுண்டு காட்டுது மீட்டரு. மோகனா வழக்கமாட்ட எறங்கி வந்துச்சு, கைய நீட்டுச்சு, கதவுப் பிடி கையில சிக்கல. நாலு எட்டு ஓடியாந்துச்சு. அப்பறம் நின்னுருச்சு. கண்ணாடியில பாத்தேன். பின்னால வண்டி வருதான்னு பாக்கறதுக்குக் கண்ணாடியப் பாக்கத்தான் வேணும். இடுப்புல ஒரு கைய வெச்சுக்கிட்டு மூச்சு வாங்குச்சு. வவுறு தெரிஞ்சுது.

பொழுதோட வீட்டுக்கு வந்து சொன்னேன். "மேல ஒரு பொண்ணு முழுவாம இருக்குதாம்." ராசாமணி அப்பிடியே தரையில உக்காந்துட்டா. "எத்தனை மாசமுங்க?"ன்னா. "அதெல்லாம் எனக்கென்ன தெரியும்"னேன். நாலோ அஞ்சோ இருக்கும்னு எனக்குப் பட்டுச்சு. ஒருக்காப் போயிப் பாத்துட்டு வர்றேன்னு கேட்டா. நான் தடுக்கலீங்க. தாராளமாப் போ, போனா அங்கயே இருந்துக்கன்னுதான் சொன்னேன். அவளே போவல.

அதுக்கப்பறம் அந்தப் பிள்ளை விசில் சத்தம் கேட்டதுமே முன்னாடியே வந்து ரோட்டோரம் நிக்க ஆரம்பிச்சுருச்சு. நான் தாண்டறப்ப ஒரு வார்த்தை சொல்லும். ஒரு வார்த்தைக்குத்தான் நேரம். ஒரு நாள் "அம்மா"ங்கும். ஒரு நாள் "கண்ணு முழிச்சு"ங்கும், நெறையாக் கண்ணு முழிச்சு ஓட்டாதீங்கன்னு சொல்ல வந்திருக்கும். விசில் சத்தத்துல மிச்சம் வெளங்காது.

ஏழாம் மாசம் வளையல் போடணும்னு ராசாமணி ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி, காயிதத்துல சுத்தி, வண்டில டேஷ்போர்டுப் பொட்டிக்குள்ள வெச்சா. "நிறுத்திப் பேச வேண்டாங்க. கைய நீட்டுனா வாங்கிக்கும்"னா. சரின்னேன். எம்மேல தப்பு சொல்லக் கூடாது, சரின்னுதான் சொன்னேன். ஆனா மேட்டுல காலை எடுத்தா காத்து போயிருமே. இன்னிக்கு, நாளைக்குன்னு ஒம்போது நாள் அந்த வளையலு என்கூட மலை ஏறி எறங்குச்சு.

ஐப்பசி. ரெண்டு நாளா மழை விட்டு விட்டுப் பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. காலையில ஒம்போது மணி இருக்கும். சிமெண்டுக்குத் தார்ப்பாய் போட்டு மூடி ஏறிக்கிட்டு இருக்கேன். மேட்டுக்கு அடியில திரும்பறப்பவே பாத்துட்டேன். ரோட்டோரத்துல இல்ல, ரோட்டு மேலயே நின்னுச்சு. ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுச்சு. கால்கிட்ட ஒரு துணிப்பை. அந்தப் பச்சை நைட்டி, மேல ஒரு துண்டு.

காத்து நல்லாப் புடிச்சிருந்துச்சு தம்பி அப்ப. எட்டு பவுண்டு. ஈரத் தரை, முழு லோடு. அந்த மேட்டுல நிறுத்துனா திருப்பி எடுக்கறது பெரும்பாடு. சக்கரம் வழுக்கும். எந்த டிரைவரா இருந்தாலும் அங்க நிறுத்த மாட்டான். தெனமும் நிக்கற மாதிரித்தான் நிக்குதுன்னு நெனச்சேன். வலது பக்கம் ஒதுங்கித் தாண்டிட்டேன். கண்ணாடியில பாக்கறேன், ரோட்டுலயே உக்காந்துருச்சு. களைச்சுப் போயி உக்காந்திருக்கும்னு நெனச்சேன்.

மேல போயி லோடு எறக்கிட்டேன். எறக்கற ஆளுக, என்னங்க இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லைன்னேன். மூட்டைய எண்ணறதுல ரெண்டு தடவ தப்பு வந்துச்சு.

திரும்பி வர்றப்ப மத்தியானம். மேட்டுக்கிட்ட வந்தா ஆளக் காணோம். அந்தப் பை மட்டும் ரோட்டோரக் கல்லு மேல இருக்கு, மழையில நனைஞ்சுக்கிட்டு. நிறுத்துனேன். அந்த எடத்துல நான் வண்டிய நிறுத்துனது அதான் மொதத் தடவ. எறங்கிப் பைய எடுத்துப் பாத்தா, பழைய வேட்டித் துணி நாலஞ்சு மடிச்சு, ஒரு டம்ளரு, பால்கவருக்குள்ள போட்டு நனையாம ஆஸ்பத்திரி அட்டை.

பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தங்க சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு ஓடியாந்தாங்க. "நீங்கதான் மோகனா அப்பாவா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். என் கையில இருந்த பையப் பாத்தாங்க. அப்பறம் சொன்னாங்க. வெடியக்காலம் இருந்தே வலியாம். ஏழு மாசந்தான் ஆச்சு. அறப்பளி மெளகு போட ராசிபுரம் போனவன் வரல. மழைக்கு டவர் கெடைக்கல. பஸ்ஸு போயிருச்சு. "நான் ஜீப்புக்கு ஆளனுப்பறேன் கண்ணுன்னேன். வேண்டாங்க்கா, விசில் கேக்குது பாருங்க, எங்கப்பா வண்டி வருது, அதுலயே மேல ஆஸ்பத்திரிக்குப் போயிர்றேன்னு சொல்லிட்டுப் பைய எடுத்துக்கிட்டு அதுவே நடந்து வந்துச்சுங்க"ன்னாங்க.

அப்பறம் ஜீப்பு வர முக்கா மணி நேரம் ஆயிருச்சாம். மேல ஆஸ்பத்திரியில பாத்துட்டு, கீழ நாமக்கல்லுக்குக் கொண்டு போங்கன்னு ஆம்புலன்ஸ்ல அனுப்பிட்டாங்க. நான் சிமெண்டு எறக்கிக்கிட்டு இருந்தப்ப ஆம்புலன்ஸு சத்தம் கேட்டுச்சு தம்பி. யாருக்கோன்னு நெனச்சேன்.

ராசாமணிய ஏத்திக்கிட்டு நாமக்கல் போனேன். ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கி உள்ள ஓடிட்டா. நான் வெளிய வண்டிகிட்டயே நின்னேன். லாரிய எங்க நிறுத்தறதுன்னு ஒரு பிரச்னை இருந்துச்சு அங்க.

பொண்ணுக் கொழந்தை. தங்கல. மோகனாவக் காப்பாத்திட்டாங்க.

ராசாமணி ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்தா. "வெறுங்கையோட படுத்திருக்குதுங்க. வளையல் எங்க?"ன்னா. பொட்டிக்குள்ள இருக்குதுன்னேன். அவ்வளவுதான் கேட்டா. அதுக்கப்பறம் இன்னிக்கு வரைக்கும் அவ எங்கிட்டச் சோறு திங்க வாங்க, கதவத் தாப்பாப் போடுங்கன்னு பேசறதோட சரி.

பொழுது எறங்கற நேரத்துக்கு அறப்பளி வந்தான். அவன் கண்ணு செவந்திருந்துச்சு. எங்கையில இருந்த பைய வாங்கிக்கிட்டான். சண்டை போடுவான், சட்டையப் புடிப்பான்னு நெனச்சேன். புடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "மாமா"ன்னான். அன்னிக்குத்தான் மொத மொத மாமான்னு கூப்புடறான். "மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. அவ சொன்னது விசில் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலியா, இல்ல கேட்டும் நிறுத்தலியா? அது மட்டும் தெரிஞ்சாப் போதுமாம்."

"சத்தத்துல கேக்கலப்பான்னு சொல்லு"ன்னேன்.

அவன் உள்ள போயிட்டு வந்தான். "சொல்லிட்டேன். சரின்னுட்டா"ன்னான்.

பாக்க வரட்டுமான்னு கேட்டேன். வேண்டாங்க மாமா, தூங்கட்டும்னான்.

ரெண்டு மாசத்துல திருப்பூருக்குப் போயிட்டாங்க. அங்க பனியன் கம்பெனியில அவன் பேக்கிங்ல இருக்கான், மோகனா கணக்கு எழுதுதாம். ராசாமணி மாசத்துல பத்து நாள் போயி இருந்துட்டு வர்றா. நான் தடுக்கறதில்ல. இப்பக்கூட அங்கதான் இருக்கா. வந்ததும் அவளாச் சொல்ல மாட்டா, நாந்தான் "அப்பறம்?"னு கேக்கோணும். கேட்டா, "நல்லா இருக்குது"ம்பா. கோழி வெச்சிருக்குதான்னு கேட்டேன் ஒருக்கா. டவுனுக்குள்ள கோழியான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. எனக்குச் சொல்றதுக்கு அவகிட்ட நெறைய இருக்கு தம்பி, சொல்ல மாட்டேங்கறா.

டர்போவக் கழட்டறதுக்கு ஒரு மணி நேரம் கூட ஆவல. ஜமால் பாய் வேண்டாம்னாரு. "வண்டி என்ன பண்ணுச்சு வேலண்ணா"ன்னாரு. கேக்கல நான். அந்தா, அந்தச் சாக்குக்குள்ள இருக்கு. குழாய், பம்பு, மீட்டரு எல்லாம் அதுலயே கெடக்கு. வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க. காசெல்லாம் வேண்டாங்க, சும்மாத்தான் குடுக்கறேன்.

என்ன கேட்டீங்க? சத்தமா?

ஆமா, அது கேக்க வேண்டிய கேள்விதான். தெனம் ஓட்டறவனுக்குக் காதுல விசில் அடிச்சுக்கிட்டே இருந்தாத் தாங்காதுல்ல. இதுவரைக்கும் வந்த ஏழெட்டுப் பேர்ல யாருமே அதக் கேக்கல.

உள்ள சத்தம் இருக்காது தம்பி. டர்போ எங்க இருக்கு, பாடிக்கும் பின்னால, அடியில. சத்தம் பூரா பின்னாலதான் போவும், மலையில முட்டித்தான் மேல இருக்கறவங்களுக்குக் கேக்கும். ரோட்டுல நிக்கறவனுக்குக் காது கிழியும், வண்டி தாண்டிப் போனப்பறம். கேபினுக்குள்ள உக்காந்திருக்கறவனுக்கு இஞ்சின் சத்தம் மட்டுந்தான், அது எப்பவும் இருக்கறதுதான். மழைக்குச் சன்னலத் தொறந்து வெச்சிருந்தா, கண்ணாடியில ஆவி புடிக்கக் கூடாதுன்னு தொறந்துதான் வெச்சிருப்பேன், முன்னால ரோட்டுல நின்னு யாரு பேசுனாலும் கேக்கும். சுத்தமாக் கேக்கும்.

ராசாமணிகிட்டக்கூட நான் இதச் சொன்னதில்ல.

ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. நான் வலது பக்கம் ஒதுக்கறேன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. "பேச மாட்டேம்ப்பா"ன்னுச்சு. "ஒண்ணும் பேச மாட்டேம்ப்பா. சும்மா ஏத்திக்கிட்டாப் போதும்"னுச்சு.